நாலு ஞாயிறு கழித்துத்தான் ரோடு

என் பிள்ளை சேகருக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை சோழவரம் ஓடுதளத்தில் இருபது பேருக்கு முன்னால் நான் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். பதின்மூன்று வருஷமாக உன்னிடம் சொல்லாத விஷயம். உன் தொழிற்சாலைப் பிள்ளைகளில் யாராவது முந்திக்கொண்டு உனக்கு எழுதி, நீ பூனாவில் அதைப் படித்துவிட்டு, 'அம்மா ஏன் என்னிடம் சொல்லவில்லை' என்று மனசு கஷ்டப்படுவதற்குள், என் கையெழுத்திலேயே உனக்கு அது வந்து சேர வேண்டும். அதற்காகவே இன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒட்டித்தான் அனுப்புகிறேன், ஆனால் இது ஒளித்து வைக்க வேண்டிய கடிதம் இல்லை. உன்னோடு பயிற்சிக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டு. இங்கேயும் ஒரு நகல் எழுதி வைக்கப் போகிறேன். தன் பிள்ளையை ஏன் இன்னும் ரோட்டில் வண்டி ஓட்ட விடவில்லை என்று கேட்டு வரும் ஒவ்வொரு தாய்க்கும் அதைக் கொடுப்பேன்.

உன் நைனாவுக்கு வலது முழங்கால் ஏன் மடங்காது என்று கவரைப்பேட்டையில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். லாரி இடித்துவிட்டுப் போய்விட்டது என்பார்கள். நீயும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தாய். பள்ளிக்கூடத்தில் 'நான் பார்த்த விபத்து' என்று கட்டுரை எழுதச் சொன்னபோது, நீ பார்க்காத அந்த லாரிக்குப் பச்சை வர்ணம்கூடப் பூசி எழுதிக் கொடுத்தாய். அப்படி ஒரு லாரியே இல்லை, சேகர். அதை உண்டாக்கியவள் நான்.

உனக்கு அப்போது எட்டு வயது. நைனா அரிசி மில்லில் என்ஜின் ஃபிட்டர். மெட்ராஸிலிருந்து ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கி வந்தார். நம் தெருவில் அதற்கு முன் இரண்டே வண்டிகள்தான். வாங்கியவுடன் ஏறி ரோட்டில் பறந்துவிடும் ஆள் இல்லை அவர். விடியற்காலையில் எழுந்து, ஏரிக்குக் கீழே காய்ந்து கிடந்த தரைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார். அங்கே குச்சிகளை நட்டு, எந்தக் குச்சியில் பிரேக் பிடித்தால் எந்தக் குச்சியில் வண்டி நிற்கிறது என்று பார்ப்பார். வட்டம் போடுவார், எட்டு போடுவார், விழுவார், எழுந்து துடைத்துக்கொண்டு மறுபடி ஏறுவார். மூன்று வாரம் இப்படியே போனது. நான் டிபன் டப்பாவைக் கொடுக்கப் போகும்போதெல்லாம் மில் ஆட்கள் என்னைப் பார்த்து, "இன்னா சிஸ்டர், உங்க ஊட்டுக்காரரு வண்டிய ரோட்டுக்குக் காட்டவே மாட்டாரா?" என்பார்கள். பக்கத்து வீட்டு வாத்தியாரின் தம்பி, வண்டி வாங்கிய மூன்றாம் நாளே பெண்டாட்டியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பொன்னேரிக்குச் சினிமா பார்க்கப் போய் வந்தான். அது எனக்குள் கிடந்து உறுத்தியது.

ஒரு நாள் மில் வாசலில், எல்லோரும் இருக்கும்போதே கேட்டேன். "இன்னாங்க, செக்கு மாடு மாதிரி அங்கியே சுத்திக்கினு இருக்கீங்க? ரோட்டப் பாத்தா பயமா?"

அவர் நிதானமாகத்தான் சொன்னார். "இன்னும் ஒரு மாசம் போவட்டும்மே. திருப்பம் எனக்கு இன்னும் சரியா வரல."

நான் சிரித்தேன். அங்கே இருந்தவர்களும் சிரித்தார்கள். ஆனால் முதலில் சிரித்தது நான்தான். இதை எழுதும்போது கூட அந்தச் சிரிப்பு என் காதில் கேட்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருப்பாச்சூர் கோவிலில் என் சித்தி மகள் குழந்தைக்குக் காதுகுத்து. பஸ்ஸில் போய்விடலாம் என்றார் நைனா. "வண்டிய வாசல்ல நிறுத்திக்கினு பஸ்லயா? என் சொந்தக்காரங்க முன்னாடி நான் எப்படி எறங்கறது?" என்று கேட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை வெளியே எடுத்தார். நானும் வருவேன் என்று நீ டேங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாய். உன்னை வாத்தியார் வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

பெரியபாளையம் போகும் வழியில் ஒரு திருப்பம். திரும்பிய உடனே ரோடு பூராவும் கேழ்வரகுத் தாளைப் போட்டுக் காய வைத்திருந்தார்கள். வருகிற போகிற வண்டிச் சக்கரங்கள் ஏறி மணி உதிரட்டும் என்று போடுவது இந்தப் பக்கம் வழக்கம்தானே. பழகிய கை என்றால் வேகத்தை முன்னாலேயே குறைத்துக்கொண்டு நேராகப் போய்விடும். நைனா பயந்து, வண்டி சாய்ந்திருக்கும்போதே முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தார். தாளுக்கு மேல் சக்கரம் வழுக்கியது. நான் தாள் மேலேயே விழுந்தேன். எனக்கு உள்ளங்கைத் தோல் மட்டும் போனது. அவர் முழங்காலின் மேல் வண்டி விழுந்தது. அந்த ரோட்டில் அந்த நேரத்தில் எங்களைத் தவிர ஒரு மாட்டு வண்டிகூட இல்லை.

திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் என் சொந்தக்காரர்கள் வந்து சூழ்ந்துகொண்டு, எப்படி ஆச்சு, எப்படி ஆச்சு என்று கேட்டார்கள். "லாரி" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயிலிருந்து தானாக வந்தது. கட்டிலில் படுத்திருந்த உன் நைனா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். பிறகு அவர்களைப் பார்த்து, "ஆமா, லாரி. நிக்காம பூட்டான்" என்றார். அன்றோடு அது எங்கள் இருவருக்குள்ளும் மூடிப்போனது. நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவருக்கு மில்லிலேயே உட்கார்ந்து பார்க்கும் ஸ்டோர் வேலை கொடுத்தார்கள். வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன்.

அதன் பிறகு நான் செய்தது இன்னொரு தப்பு. ஓட்டுவதற்கு முன் பழகியிருக்க வேண்டும் என்ற பாடத்தை விட்டுவிட்டு, ஓட்டவே கூடாது என்ற பாடத்தை எடுத்துக்கொண்டேன். உன்னை வாடகை சைக்கிளில் ஏறுவதற்குக்கூட விடவில்லை. பத்தாம் வகுப்பில் உன் சிநேகிதன் அவன் அண்ணன் வண்டியில் உன்னை ஏற்றிக்கொண்டு வந்தான் என்று, தெருவிலேயே அவனைக் கன்னாபின்னாவென்று திட்டி அனுப்பினேன். நீ அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தாய். எனக்குத் தெரியும், தெரியாதது போல் இருந்தேன்.

இதற்குள் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வர ஆரம்பித்துவிட்டன. சவுக்குத் தோப்பும் பொட்டல் காடுமாகக் கிடந்த இடத்தில் வரிசையாக ஷெட்டுகள். நீயும் ஒரு கம்பெனியில் டர்னர் அப்ரண்டிஸாகச் சேர்ந்தாய். சுற்று வட்டாரத்துப் பிள்ளைகள் கையில் முதல் தடவையாக மாசச் சம்பளம் வந்தது, அதோடு வண்டியும் வந்தது. நான் நர்ஸாக வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் கட்டுப் போடும் அறையில் திங்கட்கிழமை காலை என்றால் மோட்டார் சைக்கிள் காயங்கள்தான். சனிக்கிழமை வண்டி வாங்கியவன் ஞாயிற்றுக்கிழமை ஜி.என்.டி. ரோட்டில் ஏறி, திங்கட்கிழமை என்னிடம் வந்து நிற்பான். உன்னோடு வேலை பார்த்த பெருமாளை நினைத்துப் பார். வண்டி வாங்கி ஐந்தாம் நாள். அவன் பாதத்தை நான்தான் கழுவினேன், மெட்ராஸுக்கு வண்டி ஏற்றி அனுப்பியதும் நான்தான். காலோடு திரும்பி வந்தான், ஆனால் இரண்டு விரல்கள் போய்விட்டன. அன்று வீட்டுக்கு வந்ததும் உன்னிடம், "பாத்தியா? இதுக்குத்தான் நான் தலையால அடிச்சிக்கிறேன்" என்றேன். நீ என்னோடு சண்டை போடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாய்.

"அவன் எங்கம்மா கத்துக்கினான்?"

"எங்க கத்துக்குவான், ரோட்டுலதான்" என்றேன்.

"அதாம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாய். எனக்கு அப்போது அது புரியவில்லை.

அதற்கப்புறம் ஞாயிறுதோறும் நீயும் நைனாவும் பழவேற்காட்டுக்கு மீன் வாங்கப் போக ஆரம்பித்தீர்கள். தவறாமல் மீனும் வந்தது. அப்பாவும் பிள்ளையும் இவ்வளவு ஒற்றுமையாக இருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டேன். ஒரு ஞாயிறு சாயங்காலம் நீ கை கழுவும்போது முழங்கையைப் பார்த்தேன். "கிரிக்கெட் ஆடுனேம்மா" என்றாய். டேய், நான் இருபது வருஷமாகக் காயம் பார்ப்பவள். மண்ணில் விழுந்தால் தோல் ஒரு மாதிரி உரியும், காங்கிரீட்டில் தேய்த்தால் வேறு மாதிரி உரியும். வாயைத் திறக்காமல் மருந்து போட்டுவிட்டேன். மறுநாள் மில் ஆட்களிடம் பேச்சுக் கொடுத்து விஷயத்தைக் கறந்தேன். அடுத்த ஞாயிறு நீங்கள் கிளம்பி ஒரு மணி நேரம் கழித்து நானும் பஸ் ஏறினேன். காரனோடைப் பாலம் தாண்டி சோழவரத்தில் இறங்கி நடந்தேன். எமர்ஜென்சி சமயம் அது, ரோடெல்லாம் வெறிச்சென்று இருந்தது.

சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் விமானம் இறங்குவதற்குப் போட்ட ஓடுதளம் என்று கேள்விப்பட்டிருந்தேன். வருஷத்துக்கு ஒரு தடவை மெட்ராஸிலிருந்து வந்து அங்கே ரேஸ் விடுவார்கள் என்பதும் தெரியும். என் மனசில் ரேஸ்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளை தலைகீழாகப் பறக்கிறான், அப்பன் கை தட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டேதான் போனேன். அங்கே போனால், கவிழ்த்துப் போட்ட ஆயில் டிரம் மேல் உன் நைனா குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மடங்காத காலை நேராக நீட்டியிருக்கிறார், வாயில் விசில். ஏழெட்டுப் பிள்ளைகள், இரண்டே வண்டிகள். தரையில் சுண்ணாம்புத் தூளால் கோடு, கோட்டுக்கு அப்பால் காலி டின்கள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு குரல் வந்தது என்று தெரியவில்லை.

"வெக்கமா இல்ல உங்களுக்கு? உங்க கால ஒடச்சிக்கினது பத்தாதா? புள்ளையையும் ஒடைக்கணுமா?"

எல்லா வண்டியும் நின்றுவிட்டது. நைனா எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. நீதான் என்னிடம் ஓடி வந்தாய். "அம்மா, ஒரே ஒரு ரவுண்டு பாரும்மா. அப்பால நீ இன்னா சொன்னாலும் கேக்கறேன்."

பார்த்தேன். நீ வேகமாக வந்து, வெள்ளைக் கோட்டைத் தொட்டதும் இரண்டு பிரேக்கையும் சீராகப் பிடித்து, டின்னுக்கு ஒரு முழம் முன்னால் வண்டியை நிறுத்தினாய். திரும்பப் போய், மணல் தூவி வைத்திருந்த இடத்தைக் கடந்தாய். வண்டியின் பின்பக்கம் ஆடியது, நீ பதறவில்லை. அப்புறம் திருப்பம். திரும்புவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, தலையைத் திருப்பிப் போக வேண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டு போனாய். பெரியபாளையம் ரோட்டில் நடந்திருக்க வேண்டியது எது என்பதை என் பிள்ளை என் கண் முன்னால் செய்து காட்டினான். நீ அறியாமல் செய்தாய்.

உனக்குப் பின்னால் வந்த பையன் மணலில் விழுந்தான். காலை உதறிக்கொண்டு எழுந்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. அது எனக்கு விசித்திரமாக இருந்தது. பத்து ஆம்பளைப் பசங்க கூடியிருக்கும் இடத்தில் ஒருவன் விழுந்தால் சிரிக்காமல் இருப்பார்களா? உன்னிடம் கேட்டேன். நீ சாதாரணமாகச் சொன்னாய்: "விழுந்தவனப் பாத்து எவன் சிரிச்சாலும் அன்னிக்கு அவனுக்கு வண்டி கெடையாதும்மா. நைனா போட்ட ரூல்."

நான் உன் நைனாவைப் பார்த்தேன். அவர் குடையைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார். பத்து வருஷத்தில் என்னை ஒரு சொல் குற்றம் சொன்னதில்லை. உன்னிடமும் சொல்லவில்லை என்பது அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துபோனது. அன்றைக்கு நான் உன்னை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போகவில்லை. விழுந்த பையனின் உள்ளங்கையைக் கழுவிவிட்டேன். அடுத்த வாரம் மருந்துப் பெட்டியோடு வந்தேன். அதற்கடுத்த வாரம் கோணிச் சாக்கில் இலவம் பஞ்சு வைத்துத் தைத்த முழங்கால் கவசங்கள் ஆறு ஜோடி கொண்டு வந்தேன். பெருமைக்காகச் சொல்கிறேன், அதில் ஒன்றுகூட இதுவரை பிரிந்ததில்லை.

இப்போது உன்னைப் பற்றிப் பேசுகிறேன். அம்மா கடிதத்தில் புகழ்கிறாளே என்று கூச்சப்படாதே, படி. நீ கம்பெனி வாசலில் நின்று, புது வண்டியோடு வருகிற ஒவ்வொருவனிடமும் ஒரே வார்த்தையைச் சொன்னாய்: "நாலு ஞாயிறு வா. அப்பால ரோட்டுக்குப் போ." கேலி பண்ணினார்கள். உனக்கு 'கோட்டு வாத்தியார்' என்று பேர் வைத்தார்கள். நீ அதற்கும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாய், மறுநாளும் வாசலில் நின்றாய். வந்தவர்களில் ஒருவனைக்கூட ரேஸ்காரனாக்க நீ நினைக்கவில்லை. வேலைக்குப் போய்விட்டு முழுசாக வீடு திரும்புகிறவனாக ஆக்க நினைத்தாய், அவ்வளவுதான். திங்கட்கிழமை என் அறையில் கூட்டம் குறைந்தது. மற்றவர்களுக்கு அது தெரிந்ததோ என்னவோ, பஞ்சு வெட்டி வைக்கிற எனக்குத் தெரிந்தது.

மேனேஜரின் மைத்துனர் பாஸ்கர் விஷயத்தையும் இங்கே எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் அதிலும் நான் தப்பு பண்ணினேன். மேனேஜரின் சம்சாரம் தன் தம்பியிடம், சேகர் சரி என்று சொன்னால்தான் வண்டிச் சாவி என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே பாஸ்கர் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, அக்காவிடம் சொல்லிவிடு என்றார். நான் மருந்துப் பெட்டி பக்கத்தில்தான் இருந்தேன், முழுசாகக் கேட்டது.

"உனக்கு வேலை பெர்மனென்ட் ஆவணுமா, வாணாமா?" என்றார் அவர்.

"ஆவணும் சார்," என்றாய். "ஆனா உங்களுக்கு இன்னும் திருப்பம் சரியா வரல சார். பின் பிரேக்கையே மிதிக்கிறீங்க, முன் பிரேக்குக்குக் கை போவ மாட்டேங்குது. இன்னும் ரெண்டு வாரம் வாங்க."

அந்த மாசம் நிரந்தரம் ஆனவர்கள் பட்டியலில் உன் பேர் இல்லை. வீட்டில் நான் உன்னைப் பிடுங்கி எடுத்தேன். "ஒரு வார்த்தை சரின்னு சொல்லிட்டா இன்னாடா கொறஞ்சு பூடும்? பெரிய எடத்துப் பேஜாரு நமக்கு எதுக்கு?" என்றேன். முதலில் புருஷனை அவசரப்படுத்தினேன், அப்புறம் பிள்ளையையும் அதையே செய்யச் சொன்னேன். ஒரே தப்பை இரண்டு தடவை செய்தவள் நான். உன் நைனா அதைச் செய்துவிட்டார். நீ செய்யவில்லை. தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே, "அவரு விழுந்தா எனக்குத் தூக்கம் வராதும்மா" என்று சொன்னாய். அவ்வளவுதான் உன் பேச்சு.

பாஸ்கர் சாவியை எப்படியோ எடுத்துவிட்டார். பத்து நாளில் தச்சூர் திருப்பத்தில் வழுக்கி விழுந்து, என் அறைக்குத்தான் வந்தார். எலும்புக்கு ஒன்றும் இல்லை, தோள் பூராவும் உரிந்திருந்தது. நான் கட்டுப் போடும்போது, "சிஸ்டர், சேகர் கிட்ட சொல்லிடாதீங்க" என்றார். நான் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு அவரே வந்தார். கடைசி ஆளாக, அப்ரண்டிஸ் பிள்ளைகளுக்குப் பின்னால், கட்டுப் போட்ட தோளோடு வரிசையில் நின்றார். நீ ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. "வாங்க சார், வெள்ளக் கோட்டுலேர்ந்து ஆரம்பிக்கலாம்" என்றாய். நான் பெட்டிக்குள் எதையோ தேடுவது போல் குனிந்துகொண்டேன். கண்ணீர் வந்துவிட்டது, நீ பார்த்திருக்க மாட்டாய். நாலு மாசம் கழித்து உனக்கு வேலை நிரந்தரமானது. அவர் சொல்லி ஆனதா, உன் கை வேலையைப் பார்த்து ஆனதா, எனக்குத் தெரியாது. இன்றைக்கு உன்னைப் பூனாவுக்குப் பயிற்சிக்கு அனுப்பியிருப்பது உன் கை வேலைக்காகத்தான், அது எனக்கு நிச்சயம்.

இனி போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீ ஊரில் இல்லாவிட்டாலும் எதுவும் நின்றுபோகவில்லை. பெருமாள்தான் இப்போது கோடு போடுகிறான். பழவேற்காட்டுப் பையன் குமாரை உனக்கு நினைவிருக்கும், நீ கிளம்பும்போது புதிதாகச் சேர்ந்தவன். அவன் அம்மா எல்லம்மா பஸ் பிடித்து நேராக ஓடுதளத்துக்கே வந்துவிட்டாள். மகள் கல்யாணப் பத்திரிகையை ஊர் ஊராகக் கொண்டு போக வண்டி வேண்டும், இவனோ இன்னும் இரண்டு ஞாயிறு பாக்கி இருக்கிறது என்கிறானாம். எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டாள்.

"கடல்ல போற வம்சம்மா எங்குளுது. இவனுக்கு இன்னா பயம்? கோட்டுக்குள்ளயே சுத்திக்கினு கெடக்கறான்னு குப்பத்துல சிரிக்கிறாங்க. எனக்கே சிரிப்பு வருது!"

அவள் நிஜமாகவே சிரித்தாள். குமாரின் முகம் சுண்டிப்போனது. சட்டென்று வண்டியைத் திருப்பி, ரோட்டைப் பார்க்க நிறுத்தி உதைக்கப் போனான். அந்த முகத்தை நான் முன்னால் பார்த்திருக்கிறேன், சேகர். சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை வெளியே எடுத்த உன் நைனாவின் முகம் அது. நான் ஓடிப்போய் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டேன்.

"எல்லம்மா, சிரிக்காதே. நான் சிரிச்சேன். என் ஊட்டுக்காரரு காலு அதனாலதான் போச்சு" என்றேன். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. மில் வாசல், காதுகுத்து, கேழ்வரகுத் தாள், எல்லாவற்றையும் சொன்னேன். லாரி இல்லை என்பதையும் சொன்னேன். உன் பிள்ளைகள் இருபது பேரும் நின்று கேட்டார்கள். நைனா டிரம் மேல் உட்கார்ந்தபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

 எல்லம்மா மகன் பக்கம் திரும்பினாள். அவள் குரல் மாறிவிட்டது. "உங்கப்பா உன்னை எடுத்த உடனே கடலுக்கா இட்டுக்கினு போனாரு? ஒரு வருசம் ஏரியிலதான துடுப்பு போடச் சொன்னாரு. அப்பால தான முகத்துவாரம் தாண்ட உட்டாரு. நான் அத மறந்துட்டேன்டா. எறங்கு. பத்திரிகைய நான் பஸ்ல போயி வெச்சிக்கிறேன்."

அவன் வண்டியைத் திருப்பிக் கோட்டுக்குக் கொண்டு போனான். பெருமாள் விசில் ஊதினான். நான் இத்தனை வருஷமாகத் தேடிய வார்த்தையை அந்தப் பெண் தன் வீட்டிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிட்டாள். இனி தாய்மார்கள் யார் வந்தாலும் அவளிடமே பேசச் சொல்லலாம் என்று இருக்கிறேன். வருகிற ஞாயிறும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

நானும் நைனாவும் பஸ்ஸில் திரும்பினோம். வீட்டுக்கு வந்து, அவர் காலுக்கு எண்ணெய் தேய்க்கும்போது நான்தான் கேட்டேன். "எம்மேல கோவமா? எல்லார் எதுர்லயும் சொல்லிட்டேன்."

"கோவம் இன்னா கோவம்," என்றார். காலை என் பக்கம் இன்னும் நீட்டிக் கொடுத்து, "நீ சிரிச்சதாலதான் நான் போனேன்னு நீ நெனச்சிக்கினு இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. நீ லாரின்னு சொன்னதும், என் மானத்தக் காப்பாத்தத்தான் நீ சொல்றதா நெனச்சேன். அன்னிக்குக் கெளம்பும்போதே எனக்குப் பயம்தான். பயமா கீது, பஸ்லயே போவலாம்னு அழுத்திச் சொல்லியிருந்தா நீ கேட்டிருப்ப. சொல்ல வெக்கம். என் பயத்த மறைக்கத்தான் நானும் லாரின்னேன்" என்றார்.

அவர் எனக்காகப் பொய் சொன்னார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் அவருக்காகப் பொய் சொன்னேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பதின்மூன்று வருஷம், ஒரே வீட்டில்.

ஆகையால் உனக்கு நான் சொல்வது இது ஒன்றுதான். பூனாவிலும் ஒரு மைதானம் பார்த்து வைத்திருப்பதாகவும், கூட இருப்பவர்கள் கேலி பண்ணுவதாகவும் எழுதியிருந்தாய். பண்ணட்டும். 'எனக்கு இன்னும் வரவில்லை' என்று நாலு பேர் முன்னால் சொல்கிற தைரியம் உன் நைனாவுக்கு ஒரு தடவை இருந்தது, நான் அதைச் சிரித்தே கெடுத்தேன். உன்னிடம் அது கெடாமல் இருக்கிறது. அதை உன்னிடமிருந்து இத்தனை பேர் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். பெற்றவள் நான் அதற்கு எந்த விதத்திலும் காரணம் இல்லை. அதனால்தான் வெட்கமில்லாமல் பெருமைப்பட முடிகிறது.

நான் இதை எழுதி முடிக்கும்போது உன் நைனா பின்னால் வந்து நின்று படித்தார். ஏதாவது மாற்ற வேண்டுமா என்று கேட்டேன். பேனாவை வாங்கி, 'திருப்பம் எனக்கு இன்னும் சரியா வரல' என்று நான் எழுதியிருந்த இடத்துக்குக் கீழே கோடு போட்டு, பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தார்.

உன்னைப் பெற்ற
அம்மா